ஆங்கிலத்தில் 'ஓ', 'வாவ்', 'வட் அ': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியிலும் களுவாஞ்சிகுடியிலும் பின்னேர வகுப்புகளில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சாதாரணதரப் பிள்ளைகள் வருகிறார்கள். பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள், அறுகம்பேயில் சீசன் முடிந்து ஊருக்கு வரும் தம்பிமார், வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் அம்மாமார் என்று மற்றவர்களும் வருகிறார்கள். இன்டர்ஜெக்ஷன் பாடம் தொடங்கியதும் எல்லோரிடமும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். வாய்விட்டு வாசித்தால் விளங்கும்.

டீச்சர், இன்டர்ஜெக்ஷனும் எக்ஸ்கிளமேஷனும் ஒண்டா, வேறையா?

வேறு. இன்டர்ஜெக்ஷன் ஒரு சொல்வகை. 'ஓ', 'வாவ்', 'அவுச்', 'ஊப்ஸ்' போல உணர்ச்சி வந்ததும் வாயிலிருந்து வந்துவிடும் சொல் அது. தமிழில் வியப்பிடைச்சொல் என்று எழுதுகிறோம். எக்ஸ்கிளமேஷன் அதைவிடப் பெரிய வட்டம். உணர்ச்சியோடு சொல்லும் எதுவும் அதற்குள் வரும்: ஒற்றைச் சொல்லும் வரும், 'வட் அ லோங் பிரிட்ஜ் இட் இஸ்!' என்ற முழு வசனமும் வரும். அந்த முழு வசனத்தைத்தான் பாடப்புத்தகங்கள் உணர்ச்சி வாக்கியம் என்கின்றன.

குழப்பம் அகராதியிலிருந்தும் வருகிறது. ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர் அகராதிகளில் 'வாவ்' என்று தேடினால் பக்கத்தில் 'எக்ஸ்கிளமேஷன்' என்று போட்டிருக்கும். அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டரில் அதே சொல்லுக்கு 'இன்டர்ஜெக்ஷன்' என்று இருக்கும். இரண்டும் ஒரே சொல்வகையைத்தான் சொல்கின்றன. இந்தப் பக்கத்தில் ஒற்றைச் சொல்லை இன்டர்ஜெக்ஷன் என்றும் முழு வசனத்தை உணர்ச்சி வாக்கியம் என்றும் சொல்கிறேன்.

வசனத்துக்கு வெளியில நிக்கிற சொல் எண்டு புத்தகத்தில இருக்கு. வெளியில எண்டா எங்க?

'ஓ, த போட் இஸ் லீக்கிங்' என்ற வசனத்தை எடுங்கள். தோணிக்குள் தண்ணீர் வருகிறது. 'போட்' எழுவாய், 'இஸ் லீக்கிங்' பயனிலை. 'ஓ' என்பதை விரலால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். வசனத்தில் ஒன்றும் குறையவில்லை. 'போட்' என்பதை மறைத்தால் வசனம் உடைந்துவிடும். இந்தச் சோதனைதான் வெளியில் நிற்பது என்பதன் அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. இன்டர்ஜெக்ஷனுக்குக் காலம் கிடையாது, ஒருமை பன்மை கிடையாது. 'ஷி வாவ்ட் த ஜட்ஜஸ்' என்று ஒரு வசனம் பார்த்தால், அங்கே அந்தச் சொல் வினையாக மாறி வசனத்துக்குள்ளே வந்துவிட்டது. அவள் நடுவர்களை அசத்திவிட்டாள் என்று பொருள்.

தமிழில சொல் நாலு வகைதான். இங்கிலீஷில எட்டு. இந்தச் சின்னச் சத்தத்துக்கெல்லாம் தனி வகுப்பு என்னத்துக்கு?

பெயர், வினை, இடை, உரி என்ற நம் கணக்கில் 'ஐயோ', 'சீ', 'அட' எல்லாம் இடைச்சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆங்கிலத்தின் எட்டு, லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்த கணக்கு. கிரேக்க இலக்கணக்காரர் இப்படியான சொற்களை வினையடையோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். கிரேக்கத்தில் 'த' போன்ற சுட்டுச்சொல் உண்டு, லத்தீனில் இல்லை. அதனால் லத்தீனில் ஒரு வகை குறைந்தது. லத்தீன் இலக்கணக்காரர் இன்டர்ஜெக்ஷனைப் பிரித்துத் தனி வகையாக வைத்தார்கள், எண்ணிக்கை எட்டாகவே நின்றது. ஆங்கில இலக்கணம் எழுதியவர்கள் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்கள்.

மொத்தம் எத்தனை இருக்கு? பாடமாக்க ஒரு லிஸ்ட் தாங்க டீச்சர்.

எண்ணிக்கை கிடையாது. புதிது புதிதாக வரும், பழையது போகும். பாடமாக்கிப் பிரயோசனமும் இல்லை. ஆனால் அடுக்கி வைத்துக்கொள்ள நம்மிடமே நல்ல வழி இருக்கிறது. தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளை உயர்தரத்தில் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. கேட்கும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் இவற்றில் எதற்குக் கீழே போடலாம் என்று பாருங்கள்.

நகைக்கு 'ஹா ஹா'. அழுகைக்கு 'ஓ நோ', 'ஓ டியர்'. இளிவரலை அருவருப்பு என்று எடுத்தால் 'யக்', 'இயூ'. மருட்கை வியப்பு, அதற்கு 'வாவ்', 'வோ', 'கோஷ்'. அச்சத்துக்கு 'யைக்ஸ்', 'ஈக்'. வெகுளிக்கு 'ஆர்க்', 'டாம்'. உவகைக்கு 'ஹுறே', 'யே', 'யிப்பீ'. பெருமிதத்துக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட் எடுத்ததும் கையை மடக்கி 'யெஸ்!' என்கிறார்களே, அதை அங்கே வைக்கலாம். வகுப்பில் பிள்ளைகள் இப்படிப் பிரிக்கத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. 'ஓ' எல்லாவற்றுக்கும் கீழே வரும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

அறுகம்பேயில ஒரு வெள்ளைக்காரர் என்னைப் பார்த்து 'பாய், இட்ஸ் ஹொட்' எண்டார். என்னைப் பொடியன் எண்டு கூப்பிட்டாரா?

இல்லை தம்பி. அந்த 'பாய்' உங்களைக் குறித்ததல்ல. கச்சான் காற்று அடிக்கும் நாளில் நாம் 'அப்பா, என்ன வெக்கை!' என்கிறோம், அங்கே அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. அப்படித்தான் இதுவும். 'மேன், இட்ஸ் ஹொட்' என்றாலும் இதே கதை. வேறு பொருள் உள்ள சொல் உணர்ச்சிச் சொல்லாக வேலை செய்கிறது. 'வெல்', 'டியர்', 'ஹெல்', 'கிரேட்' எல்லாம் இந்த வகை. 'ஓ', 'அவுச்' போன்றவை பிறக்கும்போதே உணர்ச்சிச் சொல்லாகப் பிறந்தவை.

கூப்பிடுகிறாரா, உணர்ச்சியைச் சொல்கிறாரா என்று குரலில் தெரியும். கூப்பிடும்போது உங்கள் முகத்தைப் பார்த்துக் குரலை உயர்த்துவார், பதிலுக்குக் காத்திருப்பார். உணர்ச்சி என்றால் பெருமூச்சு மாதிரிக் குரல் இறங்கும், கண் எங்கேயோ இருக்கும்.

'யெஸ்', 'நோ', 'ஹலோ', 'தேங்க் யூ' இதுகளும் இன்டர்ஜெக்ஷனா?

சில புத்தகங்கள் ஆம் என்கின்றன, சில வேறு பெயர் கொடுக்கின்றன. முன்னே சொன்ன விரலால் மறைக்கும் சோதனையில் இவையும் தேறிவிடும். வசனத்துக்கு வெளியில்தான் நிற்கின்றன. பரீட்சைக்கு உங்கள் பாடப்புத்தகம் எப்படிப் பிரித்திருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

பின்னால கொமா போடுறதா, வியப்புக்குறி போடுறதா?

உணர்ச்சியின் சூட்டைப் பொறுத்தது. மெதுவாகச் சொன்னால் கொமா போட்டு வசனத்தைத் தொடருங்கள்: 'ஓ, ஐ சீ.' வேகமாக வந்தால் வியப்புக்குறி: 'அவுச்! தட் ஹேர்ட்ஸ்.' வியப்புக்குறியோடு அது முடிந்துவிடுவதால் அடுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது இன்றைய வழக்கம். கொமாவுக்குப் பிறகு சிறிய எழுத்துத்தான்.

பழைய கதைப் புத்தகங்களில் வியப்புக்குறிக்குப் பிறகும் சிறிய எழுத்தைக் காணலாம். அந்தக் காலத்தில் அது ஏற்ற வழக்கம். விடைத்தாளில் அதைப் பின்பற்ற வேண்டாம்.

'ஓ' வை சில இடத்தில ஒரே எழுத்தில எழுதுறாங்க, சில இடத்தில 'எச்' சேர்த்து எழுதுறாங்க. ரெண்டும் ஒண்டுதானே?

சத்தம் ஒன்று, வேலை இரண்டு. 'எச்' இல்லாத ஒற்றை 'ஓ' விளிப்பதற்கு. கடவுளை, நாட்டை, காற்றை, கடலைக் கூப்பிடும் இடத்தில் வரும்: 'ஓ லோர்ட்'. எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. அதற்கும் பெயருக்கும் நடுவில் கொமா வராது. தேவாலயத்தில் ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும். சாதாரணப் பேச்சை எழுதும்போது இது தேவைப்படாது.

'எச்' சேர்ந்த 'ஓ' உணர்ச்சிக்கு. வசனத்தின் நடுவில் வந்தால் சிறிய எழுத்து, பின்னால் பெரும்பாலும் கொமா. 'ஓ நோ', 'ஓ டியர்' போல ஒட்டியே பழகிப்போன சொற்களுக்கு நடுவில் மட்டும் கொமா போடுவதில்லை.

'வட் அ' எப்ப, 'ஹவ்' எப்ப?

முடிவில் பெயர்ச்சொல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் 'வட்'. பெயரடையோ வினையடையோ தனியே நின்றால் 'ஹவ்'. 'வட் அ பிக் கிராப்!' என்பதில் நண்டு என்ற பெயர் இருக்கிறது. 'ஹவ் பிக்!' என்பதில் பெரிய என்ற பெயரடை மட்டும். 'ஹவ் ஃபாஸ்ட் ஷி ரன்ஸ்!' என்பதில் வினையடை.

'வட்' வந்தபின் 'அ' வருமா என்பது அடுத்த கேள்வி. ஒரு நண்டு என்றால் 'வட் அ பிக் கிராப்!' பல நண்டு என்றால் 'வட் பிக் கிராப்ஸ்!' என்று 'அ' விழுந்துவிடும். தயிரை எண்ண முடியாது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத நம் எருமைத் தயிரைப் பார்த்து 'வட் திக் கேர்ட்!' என்றுதான் சொல்ல வேண்டும், 'வட் அ திக் கேர்ட்' பிழை. அதையே 'ஹவ்' வைத்துச் சொன்னால் 'ஹவ் திக் த கேர்ட் இஸ்!' என்று வரும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி எழுதப் பழகுங்கள். 'வட்' வசனத்தில் தயிர் முன்னுக்கே வந்துவிட்டது. 'ஹவ்' வசனத்தில் அது எழுவாயாகப் பின்னால் போய்விட்டது.

அப்ப 'வட் அ பிட்டி' எப்படிச் சரியாகும்? இரக்கத்தை எண்ண ஏலாதே?

நல்ல கேள்வி. 'பிட்டி', 'ஷேம்', 'ரிலீஃப்', 'வேஸ்ட்' போன்ற சில சொற்கள், நடந்த ஒரு விஷயத்தைப் பற்றிச் சொல்லும்போது எண்ணக்கூடிய பெயர் மாதிரி நடக்கும். அதனால் 'வட் அ பிட்டி!', 'வட் அ ஷேம்!', 'வட் அ ரிலீஃப்!' எல்லாம் சரி. 'இட்ஸ் அ பிட்டி' என்றும் சொல்வார்கள்; அங்கேயும் அதே 'அ' இருக்கிறது.

ஆனால் 'வெதர்', 'நியூஸ்', 'அட்வைஸ்', 'லக்' இந்தச் சலுகைக்குள் வராது. 'வட் டெரிபிள் வெதர்!', 'வட் குட் நியூஸ்!', 'வட் பேட் லக்!' இவற்றில் 'அ' இல்லை. 'வட் அ குட் நியூஸ்' என்பது நம்மவர் அதிகம் விடும் பிழை. நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்களிடமும் கேட்டிருக்கிறேன். சந்தேகம் வந்தால் 'இட்ஸ் அ' என்று முன்னால் போட்டுப் பாருங்கள். 'இட்ஸ் அ நியூஸ்' என்று யாரும் சொல்வதில்லை.

'ஹவ் டோல் இஸ் ஹி', 'ஹவ் டோல் ஹி இஸ்' ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ரெண்டும் ஒண்டாத்தான் கேட்குது.

முதலாவது கேள்வி: அவன் எத்தனை அடி உயரம்? இரண்டாவது வியப்பு: அவன்தான் எவ்வளவு உயரம்! கேள்வியில் 'இஸ்' எழுவாய்க்கு முன்னால் போகும். உணர்ச்சி வாக்கியத்தில் சாதாரண வசனத்தின் ஒழுங்கு மாறாது: முதலில் எழுவாய், பிறகு வினை.

நமக்கு இது பிடிபடாததற்குக் காரணம் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்பதுதான். கல்லடிப் பாலத்தடியில் ஒருவர் பெரிய கொடுவா மீன் ஒன்றைச் செவுளில் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறார். ஒருவர் 'எவ்வளவு பெரிய மீன்!' என்கிறார். பிறகு வந்தவர், 'எவ்வளவு பெரிய மீன் வேணும் எண்டு சொன்னீங்க?' என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார். 'எவ்வளவு பெரிய மீன்' அப்படியே இரண்டு வேலையும் செய்கிறது. குரல்தான் பிரித்துக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் குரலோடு சொல்லின் ஒழுங்கும் மாற வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு தப்பும் வழி இருக்கிறது. எழுவாயையும் வினையையும் விட்டுவிடுங்கள். 'வட் அ கெச்!', 'ஹவ் டோல்!' பேச்சில் ஆங்கிலேயரும் பெரும்பாலும் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள்.

பாசிக்குடாவில இவ்வளவு காலம் வேலை செய்யிறன், ஒரு வெள்ளைக்காரராவது 'ஹவ் பியூட்டிஃபுல் த சீ இஸ்' எண்டு சொல்லிக் கேட்டதில்லையே?

கேட்டிருக்க மாட்டீர்கள். முழு 'ஹவ்' வசனம் இன்று பேச்சில் குறைந்துவிட்டது, எழுத்திலும் மேடையிலும் உண்டு. 'ஹவ் நைஸ்!', 'ஹவ் ஸ்வீட்!' போன்ற குட்டி வடிவங்கள் பேச்சில் இருக்கின்றன. 'வட் அ' நன்றாகவே உயிரோடு இருக்கிறது: 'வட் அ வியூ!'

கடலைப் பார்த்து உங்கள் விருந்தினர் சொல்லக்கூடியது இரண்டு. ஒன்று, 'இட்ஸ் சோ பியூட்டிஃபுல்!' அல்லது 'இட்ஸ் சச் அ பியூட்டிஃபுல் பீச்!' பெயரடை மட்டும் என்றால் 'சோ', பெயர்ச்சொல் சேர்ந்தால் 'சச்'. 'சச்' வந்தால் 'அ' வருமா வராதா என்பதற்கு 'வட்' பற்றி மேலே சொன்ன விதிகளே பொருந்தும்.

மற்றது, 'இஸின்ட் இட் பியூட்டிஃபுல்!' உருவம் எதிர்மறைக் கேள்வி, உள்ளே இருப்பது வியப்பு. இதற்கு 'நோ' என்று பதில் சொல்லிவிடாதீர்கள். தமிழில் 'வடிவா இல்லையா?' என்று கேட்டால், 'இல்ல, வடிவுதான்' என்று தொடங்கினாலும் விளங்கிக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் 'நோ' என்றால் கடல் வடிவில்லை என்று ஆகிவிடும். 'யெஸ், இட் இஸ்' என்று சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில 'அலாஸ்', 'ஹுறே' எல்லாத்தையும் என்ன செய்யிற?

சொல்லை எடுத்துவிட்டு, அதன் உணர்ச்சியைச் சாதாரணச் சொல்லில் எழுதுங்கள். 'ஹுறே! வி ஹாவ் வொன் த மெச்' என்று அவன் சொன்னால், 'ஹி எக்ஸ்கிளெய்ம்ட் வித் ஜோய் தட் தே ஹட் வொன் த மெச்' என்று மாறும். 'அலாஸ்' என்றால் 'வித் சோரோ'. 'வட் அ', 'ஹவ்' இருந்த இடத்தில் 'வெரி' வரும்: 'வட் அ லோங் பிரிட்ஜ் இட் இஸ்!' என்று அவள் சொன்னது, 'ஷி எக்ஸ்கிளெய்ம்ட் தட் இட் வோஸ் அ வெரி லோங் பிரிட்ஜ்' ஆகும். கடைசியில் முற்றுப்புள்ளி. வியப்புக்குறியை அப்படியே விட்டுவருவதுதான் விடைத்தாளில் நான் அதிகம் சிவப்பில் சுற்றும் இடம்.

பரீட்சைக்கு இது போதும். வாழ்க்கையில் யாரும் 'எக்ஸ்கிளெய்ம்ட் வித் ஜோய்' என்று கதைப்பதில்லை. 'தே வேர் த்ரில்ட்', 'ஹி வோஸ் ஷொக்ட்' என்று நடந்ததைச் சொல்வார்கள். அதேபோல அழுகைக்கு 'அலாஸ்' என்று இன்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எழுத்தில் 'துரதிர்ஷ்டவசமாக' என்ற பொருளில் இடைக்கிடை வரும். துக்கவீட்டில் வெளிநாட்டு விருந்தினர் ஒருவரிடம் போய் 'அலாஸ்' என்று சொல்லிவிட வேண்டாம். 'ஐ ஆம் சோ சொறி' போதும்.

இங்கிலீஷ் கதைக்கும்போது 'ஐயோ' எண்டு வந்திடுது. பிழையா?

பிழையில்லை. 2016இல் ஒக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதியே 'ஐயோ' வைச் சேர்த்துக்கொண்டது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் சொல் அது. வலிக்கும்போது வாய் தாய்மொழிக்குப் போவது இயல்பு. அதைக் கட்டுப்படுத்தி 'அவுச்' என்று மாற்றும்படி நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. நம் 'ஐயோ' நிறைய இடங்களை ஒன்றாகவே சமாளிக்கும். கேட்பவர் வெளிநாட்டவர் என்றால் எந்த இடம் என்று அவருக்குத் தெரியாது. கதவில் விரல் நசிந்தால் 'அவுச்'. கையிலிருந்து கோப்பை வழுக்கினால் 'ஊப்ஸ்'. பஸ் போய்விட்டால் 'ஓ நோ'. மற்றவருக்குச் சின்னக் கஷ்டம் என்றால் 'ஓ டியர்'. பழுதான மீன் மணத்தால் 'அக்'. முக்கியமாக 'ஊப்ஸ்' சின்னத் தவறுக்கு மட்டும். விருந்தினரின் கமரா தண்ணீரில் விழுந்து பழுதானபோது 'ஊப்ஸ்' என்றால் அவருக்குக் கோபம் வரும்.

ஒரு வெளிநாட்டு அம்மா தன்ர கஷ்டத்தைச் சொல்ல, நான் பாவம் எண்டு உச்சுக்கொட்டினன். அவட முகம் மாறிப்போச்சு. ஏன்?

நாக்கைப் பல்லின் பின்னால் வைத்து உறிஞ்சும் அந்தச் சத்தம் நமக்கு இரக்கம். ஆங்கிலேயருக்கு அதே சத்தம் பெரும்பாலும் கண்டிப்பு. அதை அவர்கள் 'டட்-டட்' என்றும், அமெரிக்கர் 'டிஸ்க் டிஸ்க்' என்றும் எழுதுவார்கள். பிள்ளை குழப்படி செய்தால் பாட்டி போடும் சத்தம் அது. நீங்கள் இரங்கினீர்கள், அவருக்குக் குறை சொன்னது போலக் கேட்டிருக்கும். அடுத்தமுறை 'ஓ, ஐ ஆம் சோ சொறி' என்று வாயால் சொல்லுங்கள்.

இதேபோல இன்னொரு பொறி இருக்கிறது. நாம் வாயை மூடிக்கொண்டு 'ம்ஹும்' என்றால் இல்லை. ஆங்கிலத்தில் நடுவில் 'ஹ' மூச்சு வரும் 'ம்-ஹ்ம்' என்றால் ஓம். நடுவில் தொண்டையை வெட்டி நிறுத்தி 'அ-அ' என்றால்தான் அவர்களுக்கு இல்லை. 'இன்னும் கொஞ்சம் சோறு?' என்று கேட்கும் இடத்தில் இது பெரிய வேலையைப் பார்த்துவிடும். தலையை ஆட்டுவதிலும் நமக்கும் அவர்களுக்கும் குழப்பம் உண்டு என்பதால் 'யெஸ் ப்ளீஸ்', 'நோ தேங்க் யூ' என்று திறந்து சொல்வதே நல்லது.

கதையில 'ஈ, ஆர்' எண்டு ரெண்டு எழுத்து தனியா இருக்கு. சத்தமா வாசிக்கச் சொன்னா என்னெண்டு வாசிக்கிற?

யோசிக்கும்போது இழுக்கும் 'அ...' சத்தம் அது. பிரித்தானியர் எழுத்தில் 'ஆர்' போட்டாலும் உச்சரிப்பதில்லை. 'எர்' என்று அழுத்தி வாசித்தால் பிழை. அமெரிக்கர் அதையே 'அ', 'அம்' என்று கேட்கும்படி வேறு எழுத்தில் எழுதுவார்கள். பேசும்போது அடுத்த சொல்லைத் தேடும் நேரத்தை நிரப்பத்தான் இவை. நாம் 'வந்து...' என்று இழுப்பதில்லையா?

மற்றச் சத்தங்களும் அப்படியே. 'ஷ்ஷ்' சத்தம் போடாதே. 'ப்ஸ்ட்' மெதுவாகக் கூப்பிடுவது. இரண்டிலும் உயிரெழுத்தே இல்லை. 'அஹெம்' தொண்டையைச் செருமுவது. 'ஃபியூ' என்று எழுதியிருப்பது தப்பித்தோம் என்று ஊதும் மூச்சு. எழுத்தை வாசிக்காமல் அந்தச் சத்தத்தையே போட்டுவிடுங்கள்.

காத்தான்குடியில இருந்து ஒரு உம்மா: மகள் எதுக்கெடுத்தாலும் 'ஓ மை கோட்' எண்டுறா. சொல்லலாமா மிஸ்?

இலக்கணப்படி சரி. பழக்கப்படி கவனம் வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள பக்திமான்களில் பலர் கடவுளின் பெயரை வியப்புக்கு இழுப்பதை விரும்புவதில்லை. நம் ஊரில் மெதடிஸ்த, கத்தோலிக்கக் குடும்பங்களிலும் அதே எண்ணத்தைக் காண்கிறேன். அதற்காகத்தான் ஆங்கிலத்தில் தணித்த வடிவங்கள் பிறந்தன: 'ஓ மை குட்னஸ்', 'கோஷ்', 'ஜீ'. 'டாம்' என்பதற்கு 'டார்ன்', 'ஹெல்' என்பதற்கு 'ஹெக்'. மகளுக்கு 'ஓ மை குட்னஸ்' பழக்குங்கள், எந்த இடத்திலும் பிரச்சினை வராது.

'மாஷா அல்லாஹ்', 'சுப்ஹானல்லாஹ்' என்று ஆங்கிலத்துக்கு நடுவே சொல்லலாமா என்றும் கேட்டீர்கள். தாராளமாக. லண்டனிலும் டொரொன்டோவிலும் ஆங்கிலமே முதல் மொழியாக வளர்ந்த முஸ்லிம்களும் அப்படித்தான் கதைக்கிறார்கள்.

அறுகம்பேயில் அலை ஏறுகிறவர்களிடம் கேட்டுப் பழகிய சில சொற்கள் இருக்கின்றன, தம்பிமாருக்குத் தெரியும். 'பிளடி' முதல் அதற்கு மேலும். அவர்கள் நண்பர்களுக்குள் சொல்வது. நேர்முகப் பரீட்சையிலோ பெரியவர்கள் முன்னாலோ அவை வாயில் வரக்கூடாது.

யாராவது தும்மினா என்ன சொல்லுற?

'பிளெஸ் யூ.' நாம் பிள்ளை தும்மினால் 'நூறு' என்கிறோமே, அந்த இடம். உங்களுக்குச் சொன்னால் பதிலுக்கு 'தேங்க் யூ'.

வேலைக்கு அனுப்புற கடிதத்தில வியப்புக்குறி போடலாமா?

வேண்டாம். விண்ணப்பம், முறைப்பாடு, அலுவலகக் கடிதம் எதிலும் அதற்கு இடமில்லை. பழைய தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் வியப்புக்குறிக்குத் தனி விசையே கிடையாது. ஒற்றை மேற்கோள் குறியைப் போட்டுப் பின்னுக்குத் தள்ளி, கீழே முற்றுப்புள்ளி வைத்து ஒட்டினார்கள். அலுவலக எழுத்துக்கு அது எவ்வளவு தூரம் தேவைப்படவில்லை என்று இதிலேயே தெரிகிறது.

நண்பருக்கு எழுதும் வாழ்த்தில் 'கொங்கிராஜுலேஷன்ஸ்!' என்று ஒன்று போடுங்கள், அழகு. மூன்று நான்கு அடுக்க வேண்டாம். இரங்கல் செய்தியில் ஒன்றுகூட வேண்டாம். வட்ஸ்அப்பில் 'சோ சேட்!' என்று வியப்புக்குறியோடு வரும் இரங்கலைப் பார்க்கும்போது எனக்கு மனது கஷ்டப்படும். எழுதியவர் உண்மையான துக்கத்தில்தான் எழுதியிருப்பார். வாசிக்கும் ஆங்கிலேயருக்கு அது உற்சாகம் போலத் தெரியும். முற்றுப்புள்ளி போதும்.

'ஐ நோ வட் அ பிக் லோஸ் இட் இஸ்' எண்டு ஒரு வசனம் கண்டன். 'வட் அ' இருக்கு, வியப்புக்குறி இல்லை. அச்சுப் பிழையா?

பிழையில்லை. உணர்ச்சி வாக்கியம் இன்னொரு வசனத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. 'அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும்' என்பது சாதாரணச் செய்தி வசனம், அதனால் முற்றுப்புள்ளி. 'ஓ' எப்போதும் வெளியில் நிற்கும் என்று பார்த்தோம். 'வட் அ' வசனத்துக்கோ இப்படி உள்ளே போகவும் முடியும். இரண்டையும் வேறு வேறாகப் படிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

'ஹவ்' உள்ளே போனால் கொஞ்சம் சிக்கல். உள்ளே போனதும் கேள்விக்கும் எழுவாய் முன்னால் வந்துவிடும், ஆகவே மேலே சொன்ன ஒழுங்கு வித்தியாசம் அங்கே மறைந்துவிடும். 'ஐ நோ ஹவ் டோல் ஹி இஸ்' என்றால் அவன் உயரம் எத்தனை அடி என்று தெரியும் என்றும் எடுக்கலாம், அவன் எவ்வளவு உயரமானவன் என்று தெரியும் என்றும் எடுக்கலாம். முன்னால் உள்ள வினையைப் பாருங்கள். 'ஐ ஆஸ்க்ட்' என்றால் கேள்வி. 'இட்ஸ் அமேஸிங்' என்றால் வியப்பு. 'ஐ நோ' என்றால் முன்னும் பின்னும் உள்ள வசனங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.